90 எஃப்பிஎஸ் காட்டியும் கேம் ஏன் திக்குகிறது? வாட்ச் சொல்லும் 400 கலோரியை நம்பலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். புதிதாக 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் மானிட்டர் வாங்கியிருக்கிறீர்கள். கேமில் மூலையில் ஓடும் எஃப்பிஎஸ் எண் (ஒரு நொடிக்கு எத்தனை படம் என்பது) எப்போதும் 90ஐ ஒட்டியே நிற்கிறது. ஆனாலும் பார்வையை வேகமாகத் திருப்பினால் படம் குறுக்கே வெட்டுப்பட்டு, மேல்பாதியும் கீழ்பாதியும் ஒட்டாமல் தெரிகிறது. நடுநடுவே ஒரு திக்கல். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை திரை ஓரிரு நொடி கருப்பாகித் திரும்புகிறது. இதற்கிடையில், மணிக்கணக்கில் உட்கார்ந்தே கிடக்கிறோமே என்ற உறுத்தலில் ஒரு ஃபிட்னஸ் வாட்ச் வாங்கிக் கட்டி ஒரு மாதம் ஆகிறது. மூன்று மணி நேரம் ஆடிவிட்டு எழுந்தால் துடிப்பு 110 வரை போனது, 400 கலோரி எரிந்தது என்கிறது. உங்கள் எடை 70 கிலோ. நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் தூக்கத்துக்கு 61 மதிப்பெண் போடுகிறது. கட்டிய இடத்தில் தோல் வேறு சிவந்திருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டை மாற்றுவதா, வாட்சைத் திருப்பிக் கொடுப்பதா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான்: எண் ஒன்று சொல்கிறது, கண்ணும் உடம்பும் வேறு சொல்கின்றன, யார் பக்கம் நிற்பது? கேம் விஷயத்தில் உங்கள் கண் பக்கம் நில்லுங்கள். வாட்ச் விஷயத்தில் சில எண்களை நம்பலாம், சிலவற்றைத் திரும்பியே பார்க்க வேண்டாம். எது எந்த வகை என்பது, அந்த எண் எதிலிருந்து கிடைக்கிறது என்று தெரிந்தால் விளங்கிவிடும். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும் 15 வருடமாக என் தொழில். வாட்ச் கட்டத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. மருத்துவம் படித்தவன் இல்லை, அதனால் பின்பாதியில் அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வேன்.

முதலில் அந்த வெட்டு. டியரிங் என்று சொல்வார்கள். மானிட்டர் ஒரு படத்தை மொத்தமாக மாற்றுவதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாக வரைகிறது. 144 ஹெர்ட்ஸ் என்றால் ஒருமுறை மேலிருந்து கீழே வந்து சேர ஏறத்தாழ 6.9 மில்லிநொடி. உங்கள் கார்டு 90 எஃப்பிஎஸ் தருகிறது என்றால் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, 11.1 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. ஒருவர் 6.9க்கு ஒரு தாளம், இன்னொருவர் 11.1க்கு ஒரு தாளம் போடுகிறார்கள். மானிட்டர் பாதித் திரை வரைந்துகொண்டிருக்கும்போது கார்டு அடுத்த படத்தை நீட்டிவிடுகிறது. மேலே பழைய படம், கீழே புதிய படம். நீங்கள் நின்ற இடத்திலேயே நின்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் தெரியாது; சட்டென்று திரும்பினால் தெரியும். ஆக, இது எதுவும் பழுதானதன் அடையாளம் இல்லை.

இதற்குப் பழைய வைத்தியம் வி-சிங்க். மானிட்டர் ஒரு சுற்று முடிக்கும் வரை கார்டைக் காத்திருக்கச் சொல்வது. வெட்டு நின்றுவிடும், ஆனால் வேறொன்று தொடங்கும். 11.1 மில்லிநொடியில் தயாரான படம் 6.9ல் போக முடியாது. அடுத்த நிறுத்தமான 13.9 வரை காத்திருக்க வேண்டும். அப்போது 90 என்பது 72 ஆகிவிடும். கேம் கூடுதலாக ஒரு படத்தைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளும் வகையாக இருந்தால் 72க்கு இறங்காது; ஆனால் ஒரு படம் ஒரு சுற்றுக்கும் அடுத்தது இரண்டு சுற்றுக்கும் நிற்கும். எண் 90 என்றே காட்டும், நடை மட்டும் நொண்டும். மவுஸை நகர்த்தியதற்கும் திரை அசைவதற்கும் நடுவே ஒரு சின்னத் தாமதமும் சேர்ந்துகொள்ளும்.

இன்றைய வைத்தியம், மானிட்டரையே கார்டுக்காகக் காத்திருக்க வைப்பது. கார்டு தயாரிக்கும் என்விடியா நிறுவனம் 2013ல் ஜி-சிங்க் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. 2014ல் அடாப்டிவ்-சிங்க் என்று, மானிட்டர் இணைப்புக்கான டிஸ்ப்ளேபோர்ட் தரத்திலேயே இது சேர்ந்தது. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதன் மேல்தான் நிற்கிறது. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் சாதாரண அடாப்டிவ்-சிங்க் மானிட்டர்களோடு பேசத் தொடங்கிவிட்டன. ஆகவே நீங்கள் எந்தக் கார்டு வைத்திருந்தாலும், அது அடிமாட்டு விலைக்கு வாங்கிய பழைய கார்டாக இல்லாத வரை, இந்த வசதி பெரும்பாலும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். பலர் தவறவிடும் இடம் ஒன்று: இதை இரண்டு இடத்தில் போட வேண்டும். முதலில் மானிட்டரின் சொந்தப் பொத்தான்களை அழுத்தி வரும் மெனுவில், பிறகு கார்டின் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், அதன் பேனலில். மானிட்டரில் அது அணைந்திருந்தால் டிரைவர் பேனலில் அந்த வரியே தலைகாட்டாது. போட்டபின் கேமின் உச்ச எஃப்பிஎஸ்ஸை 140 அல்லது 141ல் கட்டிப்போடுங்கள். 144ஐ முட்டினால் மீண்டும் வெட்டோ தாமதமோ தலைதூக்கும். இந்த வசதிக்குக் கீழ் எல்லையும் உண்டு. பல மானிட்டர்களில் அது 48. அதற்குக் கீழே போனால் நல்ல மானிட்டர்கள் ஒரே படத்தை இருமுறை காட்டிச் சமாளிக்கும், மற்றவை திக்கும். உங்கள் 90 அந்த எல்லையிலிருந்து தூரத்தில் இருப்பதால் கவலை வேண்டாம்.

ஆனால் இதையெல்லாம் தொடும் முன், உங்கள் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் உண்மையிலேயே 144ல் ஓடுகிறதா என்று பாருங்கள். கேலி செய்யவில்லை. புது மானிட்டரை மாட்டியதும் விண்டோஸ் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே உட்கார்ந்துவிடும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே, அதில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் இப்போது எத்தனை ஹெர்ட்ஸ் என்று தெரியும். அங்கே 144 என்ற தேர்வே இல்லையென்றால் கேபிளையோ அதைச் செருகும் துறையையோ (போர்ட்) சந்தேகியுங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 துறையில் 1080பி திரைக்குப் பெரும்பாலும் 120ஓடு நின்றுவிடும். டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒருவர் புதுக் கார்டு வாங்கி நான்கு மாதம் "இது பழைய மெஷினைவிட மோசம்" என்று புலம்பிக்கொண்டே ஆடினார். என்னிடம் கொண்டுவந்தபோது பின்பக்கத்தைத் திருப்பினேன். கேபிள் கார்டில் இல்லை, மதர்போர்டில் இருந்தது. நான்கு மாதமும் அந்த விலையுயர்ந்த கார்டுக்கு மானிட்டரோடு நேர்த்தொடர்பே இல்லை. நான் கூலி வாங்கவில்லை, ஆனால் அதைச் சொல்லிச் சிரிக்கும் உரிமையை வாங்கிக்கொண்டேன்.

அடுத்து திக்கல். "90 காட்டும்போது எப்படித் திக்கும்?" என்ற உங்கள் கேள்விக்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். ஒரு நொடியில் 89 ஃப்ரேம்கள் தலா 10 மில்லிநொடியில் வந்தன என்று வையுங்கள். மொத்தம் 890. தொண்ணூறாவது ஃப்ரேம் மட்டும் 110 மில்லிநொடி எடுத்தது. கூட்டினால் சரியாக ஒரு நொடி. மூலையில் இருக்கும் எண் 90 என்று நிமிர்ந்து நிற்கும். உங்கள் கண்ணுக்கோ திரை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு உறைந்து போனது அப்பட்டமாகத் தெரியும். சராசரி பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்ட கேள்வி தப்பு. 2011ல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் இதைத்தான் எடுத்துக் காட்டினார்: ஒரு நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை விட்டு, ஒவ்வொரு ஃப்ரேமும் எத்தனை மில்லிநொடி எடுத்தது என்று பார்க்கத் தொடங்கினார். இன்று கார்டுகளைச் சோதிப்பவர்கள் எல்லோரும் "1 சதவீத லோ" என்று, மிக மெதுவாக வந்த ஃப்ரேம்களின் வேகத்தைக் காட்டும் ஒரு எண் தருகிறார்களே, அது அந்த வழியில் வந்ததுதான். கார்டைக் கண்காணிக்கும் மென்பொருளான எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரோடு வரும் ரிவாட்யூனரில் ஃப்ரேம்டைம் கோட்டைத் திரையில் ஓடவிடலாம். கோடு தட்டையாகப் போனால் நல்லது. ஊசிபோலக் குத்திக் குத்தி எழுந்தால் உங்கள் கண் சொன்னதுதான் சரி.

ஊசி எப்போது எழுகிறது என்பதில்தான் காரணம் ஒளிந்திருக்கிறது. புது இடத்துக்குப் போகும்போது, புதுச் சண்டை முதன்முறை வெடிக்கும்போது மட்டும் திக்கி, அதே இடத்துக்கு இரண்டாம் முறை போனால் வழுக்கிக்கொண்டு போகிறதா? அது ஷேடர் தொகுப்பு. கேம் அந்தக் காட்சிக்கான சின்னச் சின்ன நிரல்களை அந்தக் கணத்தில் உங்கள் கார்டுக்கு ஏற்றாற்போல் தயாரிக்கிறது. டிரைவரைப் புதுப்பித்ததும் தயாரித்து வைத்ததெல்லாம் அழிந்து மறுபடி தொடங்கும். ஓரிரு நாள் ஆடினால் தானாக அடங்கும். இதற்காகக் கார்டை மாற்றினால் பணம் போகும், திக்கல் போகாது. ஆட ஆட நேரம் கூடக்கூடத் திக்கலும் கூடுகிறதா? கார்டின் நினைவகம் நிரம்புகிறது. கேமில் டெக்ஸ்சர் (பொருட்களின் மேல் போர்த்தும் படங்கள்) தரத்தை ஒருபடி இறக்குங்கள். மற்ற செட்டிங்குகளைவிட இது ஒன்றுதான் அதற்கு மருந்து. கூட்டம் நிறைந்த தெருவில், நிறையப் பேர் ஓடும் இடத்தில் மட்டும் என்றால் பிராசஸரோ ரேமோ மூச்சு வாங்குகிறது. ரேம் ஒற்றைக் குச்சியாக மாட்டியிருந்தால் இரண்டாவதைச் சேர்ப்பது கண்ணுக்குத் தெரியும் மாற்றம் தரும். எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தால் பின்னணியில் ஓடும் ஏதோ ஒன்று. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதைத் தவிரக் குறுக்கு வழி இல்லை.

இடையில் ஒன்று. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3, ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3 வகையில் ஃப்ரேம் ஜெனரேஷன் என்ற பொத்தான் உங்கள் கேமில் இருந்து, அதைப் போட்டபின் வந்த எண்தான் இந்த 90 என்றால், கதையே வேறு. அதில் இரண்டு உண்மையான ஃப்ரேம்களுக்கு நடுவே ஒரு ஊகித்த ஃப்ரேம் செருகப்படுகிறது. கார்டு உண்மையில் வரைவது 45 சுமார்தான். உங்கள் மவுஸுக்குப் பதில் சொல்வதும் அந்த 45தான். அணைத்துவிட்டு எண்ணைப் பாருங்கள்.

கருப்பாகி மீள்வதுதான் மூன்றிலும் கவனமாகப் பார்க்க வேண்டியது, அதைத் தூரத்திலிருந்து அடித்துச் சொல்ல முடியாது. கேம் தொடங்கும்போதோ, ஆல்ட்-டாப் போட்டு வெளியே வரும்போதோ, எச்டிஆர் என்ற கூடுதல் ஒளிர்வு முறை மாறும்போதோ ஒரு நொடி கருப்பானால் அது இயல்பு. மானிட்டர் தன்னை மாற்றிக்கொள்கிறது. நடு ஆட்டத்தில் வந்தால் இரண்டு பாதை உண்டு. ஒன்று, டிரைவர் விழுந்து எழுந்தது. கார்டு இரண்டு நொடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் தானே டிரைவரைத் தட்டி எழுப்பும், எழுப்பியதைக் குறித்தும் வைக்கும். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதியில், கருப்பான அதே நிமிடத்தில் 4101 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிரைவர், ஓவர்கிளாக் (கார்டை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது), சூடு என்ற வரிசையில் போங்கள். டிரைவரைச் சேஃப் மோடில், டிரைவரை முழுதாக நீக்கும் டிடியு என்ற கருவி கொண்டு துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது, ஓவர்கிளாக் செய்திருந்தால் கழற்றுவது, மின்விசிறியில் படிந்த தூசியைத் தட்டுவது. இரண்டாவது பாதை, 4101 இல்லவே இல்லை. அப்படியானால் கார்டு தன்பாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தது, வழியில்தான் சமிக்ஞை அறுந்தது. கேபிள் மேல் சந்தேகம் வரும். ஒரு வாரம் 120 ஹெர்ட்ஸிலோ 60லோ ஓடவிடுங்கள். கருப்பாவது நின்றால் கேபிளால் அந்த வேகத்தைத் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். நீளம் குறைந்த நல்ல கேபிள் போதும். திரை போனதோடு மெஷினே அணைந்து மறுபடி எழுந்தால் மட்டும் பவர் சப்ளையைப் பாருங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

திரையில் வண்ணப் புள்ளியோ கட்டமோ என்றைக்காவது வந்தால் உடனே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை ஒரு போனில் திறந்து பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் கார்டின் நினைவகத்திலிருந்து எடுக்கப்படுவது. கறை அதிலும் இருந்தால் குற்றவாளி கார்டோ டிரைவரோ கேமோ. படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது மானிட்டர். இந்தச் சோதனைக்கு டியரிங் மட்டும் விலக்கு, அது மானிட்டரில் பிறப்பதால் ஸ்கிரீன்ஷாட்டில் சிக்காது. கேட்காத இன்னும் இரண்டு: கருப்பு சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் டிரைவரில் வண்ண வரம்பு லிமிடெட் என்று இருக்கும், ஃபுல் ஆக்குங்கள். மானிட்டரின் சொந்த அளவுக்குக் கீழே ரெசல்யூஷனை வைத்தால் எழுத்து மங்கும், அதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம்.

இனி வாட்ச். அதன் அடிப்பக்கத்தில் மினுங்கும் பச்சை விளக்குதான் விஷயம். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு. நேராக அளக்கும் அளவு என்பதால் நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கையில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆகவே ஆட்டத்தில் 110 போனது என்றால் பெரும்பாலும் போயிருக்கும். கடைசிச் சுற்றில் எதிராளி கதவுக்குப் பின்னால் நிற்கிறான் என்று தெரிந்தால் யாருக்கும் இதயம் அடித்துக்கொள்ளும்.

கலோரி அப்படி இல்லை. அதை வாட்ச் அளப்பதே இல்லை. உங்கள் வயது, எடை, உயரம், துடிப்பு, கை அசைவு இவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது. துடிப்பு ஏறினால் தசை உழைக்கிறது என்று அது எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு ஏறியது பதற்றத்தில். கால் தசை நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தது. கணக்கையே போட்டுப் பார்ப்போம். உடம்பு சும்மா கிடந்தாலும் ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகும் (வாட்ச் கலோரி என்று காட்டுவதும் இதைத்தான்). 70 கிலோ, மூன்று மணி நேரம்: 210. இது நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாலும் போயிருக்கும். விழித்தபடி உட்கார்ந்திருப்பது என்பதன் உச்ச வரம்பாக ஆய்வாளர்கள் வைத்திருப்பது அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 315. ஆக ஆட்டத்தால் கூடுதலாக எரிந்தது மிஞ்சிப்போனால் 100 சொச்சம். 400 எரித்தோம் என்ற தைரியத்தில் ராத்திரி ஒரு பிடி கூடச் சாப்பிட்டால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே பாருங்கள். செயலியில் மொத்தம் என்றும் செயல்பாட்டுக் கலோரி என்றும் இரண்டு தனித்தனியாக இருக்கும். நீங்கள் பார்த்தது மொத்தமாகவும் இருக்கலாம்.

2017ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைக் கைக்கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதிலேயே நல்லது சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அதற்குப் பின் சென்சார்கள் தேறியிருக்கின்றன. ஆனால் ஊகிக்கும் முறை அடிப்படையில் அதேதான். நான் என் வாட்சின் முகப்பிலிருந்து கலோரியை எடுத்துப் பல வருடம் ஆகிறது.

தூக்கத்துக்கு வருவோம். தூக்க ஆய்வகத்தில் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளைப் பார்த்துத்தான் ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரிப்பார்கள். மணிக்கட்டுக்கு மூளை தெரியாது. அசைவையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், மொத்தம் எத்தனை மணி நேரம் என்பது ஓரளவு சரியாக வரும்; அசையாமல் விழித்துக் கிடந்தால் அதையும் தூக்கத்தில் சேர்த்துவிடும். கட்டங்களைப் பிரிப்பது பலவீனம். அதற்கும் மேல் அந்த 61 என்ற மதிப்பெண் அந்தந்த நிறுவனம் வகுத்துக்கொண்ட சொந்தச் சூத்திரம். ஒரே இரவில் இரண்டு கையில் இரண்டு நிறுவனத்து வாட்ச் கட்டினால் இரண்டு மதிப்பெண் வரும். மதிப்பெண்ணை நினைத்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்து, 2017ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். நன்றாகத் தூங்கினேன் என்று உடம்பு சொன்னால் நன்றாகத் தூங்கினீர்கள். ஒன்று மட்டும் பாருங்கள்: மதிப்பெண் இறங்கிய நாட்களுக்கு முந்தைய இரவு, ஆட்டத்தை எத்தனை மணிக்கு முடித்தீர்கள்? பதற்றமான ஆட்டத்திலிருந்து நேராகப் படுக்கைக்குப் போனால் தூக்கத்தின் முதல் மணி நேரத்தில் துடிப்பு இறங்க மாட்டேன் என்று நிற்கும். உங்களுக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பத்து நாள் குறித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்படியென்றால் தினமும் எதைப் பார்ப்பது? நான் பார்ப்பது இரண்டே. ஒன்று, ஓய்வுத் துடிப்பு. அதன் இன்றைய எண்ணைவிட மாதக் கோடுதான் முக்கியம். வாட்ச் இரண்டு துடிப்பு கூட்டிச் சொல்கிற வழக்கம் உள்ளதாக இருந்தாலும் தினமும் அதே இரண்டைத்தான் கூட்டும், அதனால் கோட்டின் போக்கு கெடாது. நடக்கத் தொடங்கிச் சில வாரத்தில் அது மெல்ல இறங்கும். காய்ச்சல் வரப்போகிறதென்றால் சில நேரம் முந்தின நாளே ஏறியிருக்கும். இரண்டாவது, நடந்த நிமிடங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. 10,000 காலடி என்ற இலக்கைக் கண்டு மலைக்க வேண்டாம். அது ஜப்பானில் 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸை ஒட்டிப் புறப்பட்டது. 1965ல் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரே பத்தாயிரம் அடி மானி என்ற பொருள் தருவது. ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு 2019ல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களிடம், தினம் 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அடி அளவில் பலன் சமமாகிவிட்டது. வயதான பெண்களிடம் கிடைத்த முடிவை அப்படியே உங்கள் வயதுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் 10,000க்குக் கீழே எல்லாம் வீண் என்ற நினைப்பு தப்பு என்பது தெளிவு.

உங்களுக்கு உண்மையில் பயன்படப்போவது, மணிக்கு ஒருமுறை எழுந்திருக்கச் சொல்லும் அந்த நச்சரிப்பு. அதை அணைத்துவிடாதீர்கள், மற்ற அறிவிப்புகளில் அழைப்பைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒரு சுற்று முடிந்து அடுத்ததற்கு ஆள் சேரும் இரண்டு நிமிடம் நிற்கவும் நடக்கவும் போதும். கண்ட்ரோலரில் ஆடுபவர் என்றால் அதன் அதிர்வையும் வாட்ச் சில நேரம் அடியாக எண்ணிவிடும், அந்த அடிகளைக் கொண்டாட வேண்டாம்.

கட்டும் விதத்தில் பாதிப் பிரச்சினை தீரும். மணிக்கட்டு எலும்பின் மேல் கட்டாமல், அதிலிருந்து முழங்கைப் பக்கம் ஒரு விரல் அகலம் தள்ளி, அசையாத அளவுக்குக் கட்டுங்கள். எனக்கு ஒருமுறை ஓட்டத்தின்போது துடிப்பு 172ல் ஆணி அடித்தது போல நின்றது. மூச்சோ அவ்வளவு வாங்கவில்லை. நின்று கழுத்தில் விரல் வைத்து 15 நொடி எண்ணினேன், 35 வந்தது, அதாவது 140. அந்த 172 என் காலடி எண்ணிக்கை. தளர்வாகக் கட்டியதால் வாட்ச் ரத்த ஓட்டத்தை விட்டுக் கை ஆட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தது. குளிரில் கை சில்லிட்டிருந்தாலும், பச்சை குத்திய தோலின் மேல் கட்டினாலும் இதே போலத் தடுமாறும்.

எல்லை எங்கே என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வாட்ச்கள் ஈசிஜி எடுக்கும். ஆப்பிள் வாட்சில் அது 2018லிருந்து இருக்கிறது. அது ஒற்றைக் கோட்டு ஈசிஜி, துடிப்பின் ஒழுங்கின்மையில் ஒரு வகையைப் பிடிக்கும். மாரடைப்பை அது பிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது வாட்ச் எல்லாம் சரி என்று காட்டுகிறதே என்று யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. ஊசி குத்தாமல் ரத்தச் சர்க்கரை காட்டுவதாக விற்கும் வாட்ச்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பு 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. ஆடாமல் அசையாமல் இருக்கும்போதே துடிப்பு அடிக்கடி 110ஐத் தாண்டினால், அந்தப் பதிவோடு ஒரு மருத்துவரைப் பாருங்கள். இங்கே எழுதிக் கேட்க வேண்டிய விஷயம் இல்லை அது.

அந்தச் சிவப்பு, பெரும்பாலும் பட்டைக்கு அடியில் வியர்வையும் சோப்பும் தங்குவதால் வருவது. தினம் ஒருமுறை பட்டையை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்து, தோலும் உலர்ந்தபின் கட்டுங்கள். சார்ஜ் போடும் நேரத்தைத் தோலுக்கு ஓய்வு நேரமாக வைத்துக்கொள்ளலாம். கொக்கி படும் இடத்தில் மட்டும் சிவந்தால் அந்த உலோகம் ஒத்துக்கொள்ளவில்லை, துணிப் பட்டைக்கு மாறுங்கள். ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை மற்ற கையில் கட்டலாம். கட்டியதும் செயலியில் எந்தக் கை என்பதையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அடிக்கணக்கு இன்னும் கொஞ்சம் சொதப்பும்.